பளிங்குடல் விமானங்கள்

மூடிக் கிடக்கும் பொருளைத் திறந்து பார்க்க வேண்டும் என்னும் அவா மக்களுக்கு இயற்கையாய் அமைந்ததொன்று. வீட்டுக் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துப் பெரியோரிடம் வசவு வாங்காத சிறுவர் சிலரே ஆவர். தாவர நூல் பயிலும் மாணவன் தண்டினைக் குறுக்கே அரிந்து நோக்குகிறான். விலங்கு நூல் பயிலும் மாணவன் தவளையைப் பலகையிற் கிடத்திக் கீறுகிறான். ஆயின், கீறிப் பார்த்த தவளை மீண்டும் தாவுவதில்லை. கழற்றிய கடிகாரமும் பெரும்பாலும் ஓடுவதில்லை. பொருளைச் சிதைக்காமலே அதன் உள்ளமைப்பைக் காண வேறு வழி உண்டோவெனின், உண்டு. அதன் தோலைப் பளிங்காக்கி விடுதலே அவ்வழி.

ஆகாய விமானங்களின் சிற்றுருவங்களைச் செய்து மகிழ்வோர் இவ்வழியைக் கைக்கொண்டு, எஞ்சின் முதல் விமானியின் இருக்கை ஈறாக யாவும் வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவும் உடல் கொண்ட விமானங்களை அமைத்து வருகின்றனர். அவ்வுருக்கள் தோன்றிய வரலாற்றையும், அவற்றை அமைக்கும் முறையையும், அவை நமக்குக் காட்டும் உண்மையையும், காட்டாது விடும் உண்மையையும் சுருங்கச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வுருக்கள் எத்தன்மையன?

கடையில் விமான உருத்தொகுதி ஒன்றை வாங்கிப் பெட்டியைத் திறப்போமாயின், அதனுள் விமானம் இராது. விமானத்தின் உறுப்புக்களே இருக்கும். பிளாஸ்டிக்கை உருக்கி எஃகு அச்சினுள் மிக்க அழுத்தத்துடன் செலுத்தி வார்த்தெடுத்த அவ்வுறுப்புக்கள், கொடியிற் காய்த்த காய்களைப்போல் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்துச் சீர்செய்து, வண்ணம் பூசி, பசையிட்டு இணைத்து விமானமாக்குதல் வாங்கியவரின் வேலை. ஒவ்வோர் உருவும் உண்மை விமானத்தின் 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு என்றாற்போல ஒரு விகிதத்திற்கு உட்பட்டு அமையும். 72-இல் ஒரு பங்கு என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம் என்னும் கணக்காம்.

இங்கிலாந்தில் 1936-ஆம் ஆண்டில் ‘பிராக்’ என்னும் வணிகப் பெயருடையார் வெளியிட்ட ‘பெங்குவின்’ வரிசையே இவ்வாறு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் விமானத் தொகுதிகளுள் முற்பட்டது. அதற்குமுன் அவர்கள் விற்றவை பறக்கும் சிறு விமானங்கள், புதியவையோ பறவாதவை. ஆதலின் பறவாத பறவையின் பெயரை அவற்றிற்கு இட்டனர் போலும்! அவை ஸெல்லுலோஸ் அஸிடேட் என்னும் பொருளால் ஆனவை. நாட்பட நாட்பட வளைந்து நெளியும் குறைபாடு உடையவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பாலிஸ்டைரீன் என்னும் பொருள் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இன்றும் பெரும்பாலான தொகுதிகள் அதனாலேயே ஆக்கப்படுகின்றன.

பொதுவாக இவ்வுருக்களின் உடற்பகுதி இடம் வலம் என இரு பாதிகளாக இருக்கும். விமானி அறையையும் பிறவற்றையும் உள்ளே வைத்து இரு பாதிகளையும் பொருத்தியவுடன் உள்ளிருப்பன பெரும்பாலும் மறைந்துபோம். பளிங்குடல் உருக்களிலோ அவ்விரு பாதிகளும் தெளிந்த பிளாஸ்டிக்கினால் ஆகியிருத்தலின், மூடிய பின்னரும் யாவும் புலனாகும். வேறுபாடு இவ்வளவே, ஆயினும் இவ்வொரு வேறுபாடு வேலை முழுவதையும் மாற்றிவிடுகின்றது.

இவற்றின் முன்னோர்

ஒளி ஊடுருவும் விமானம் என்பது விளையாட்டாகத் தோன்றியதன்று, போரில் தோன்றியது. முதல் உலகப் போரின்போது (1914–1918) ஜெர்மானியர், வானிற் செல்லும் விமானம் பகைவர் கண்ணுக்குப் புலப்படாதிருக்க வேண்டுமென்று கருதி, துணிக்கு மாற்றாக ஸெல்லான் என்னும் தெளிந்த தகட்டை விமானச் சட்டத்தின்மீது போர்த்திப் பார்த்தனர். லிங்கே-ஹோப்மன் நிறுவனத்தாரின் முதற் பெருவிமானம் அவ்வாறு போர்த்தப்பட்டவற்றுள் ஒன்று. நடந்ததோ வேறு. தகட்டின்மேற் பட்ட ஞாயிற்றொளி பளபளவெனத் திரும்பிப் பாய்ந்து, விமானம் முன்னிலும் நன்றாய்ப் புலப்பட்டது. தகடு விரைவில் மஞ்சளித்தது. ஈரத்திற்கும் வெப்பத்திற்கும் ஏற்ப நீண்டும் சுருங்கியும் விமானத்தின் அமைதியைக் குலைத்தது. மறைக்க எண்ணிச் செய்தது வெளிப்படுத்துவதாக முடிந்தது.

அதே ஸெல்லான் பின்னர் வேறொரு நற்பணிக்கு உதவிற்று. 1930-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சுகாதாரக் காட்சிசாலையில் ‘கண்ணாடி மனிதன்’ என்னும் உருவம் வைக்கப்பட்டது. ஆளுயரமான அவ்வுருவின் தோல் ஸெல்லானால் ஆயது. அதனூடே எலும்பும் குருதிக் குழாய்களும் இதயம், நுரையீரல் முதலிய உறுப்புக்களும் தெரிந்தன. ஒவ்வோர் உறுப்பும் விளக்கொளியால் முறையே துலங்கிக் காட்டிற்று. 1939-இல் நியூயார்க் உலகக் காட்சியில் அக்ரிலிக் தகட்டால் உடல் சமைத்த பாண்டியாக் மோட்டார் வண்டி ஒன்று மக்கள் கண்ணைக் கவர்ந்தது. 1950-களின் இறுதியில் ரென்வால் என்னும் அமெரிக்க நிறுவனத்தார், வீட்டிலிருந்தே சிறுவர் அமைக்கத்தக்க ‘காணத்தகும் மனிதன்’ என்னும் தொகுதியை வெளியிட்டனர். மனிதனுக்கும் மோட்டாருக்கும் ஆன பின்னர், விமானத்திற்கு ஆகுதல் வியப்பன்று.

ஒரு சான்று

இவ்வகைத் தொகுதிகளுள் பலரும் நினைவிற் கொள்வது, 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க மானோகிராம் நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஆவி மஸ்டாங்’ எனப் பொருள்படும் பெயருடைய தொகுதியாகும். இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்ற பி-51டி மஸ்டாங் என்னும் போர் விமானத்தின் 32-இல் ஒரு பங்கு உருவம் அது. உண்மை விமானத்தின் நீளம் 32 அடி 3 அங்குலம். இறக்கைகளின் அகலம் 37 அடி. உருவிலோ நீளம் ஏறத்தாழ ஓரடி. அகலம் அதனினும் இரண்டங்குலம் மிகுதி. மின்கல விசையால் அதன் சுழல்விசிறி சுழலும்; சக்கரங்கள் மடங்கி ஏறும்; குண்டுகள் விழும்.

தோலினூடே நோக்குவார்க்கு இவ்விமானம் ஒரு பாடப் புத்தகமாகும். முன்னே நிற்பது பாக்கார்டு தொழிற்சாலையிற் செய்த மெர்லின் எஞ்சின். பன்னிரண்டு உருளைகள், வரிசைக்கு ஆறாக, இரு வரிசைகளாய்ச் சாய்ந்து நிற்பன. உருளைக்கு இரண்டாக இருபத்துநான்கு பொறிச் செருகிகள் உள. நுணுகிய வேலைக்காரர் அவ்விருபத்துநான்கிற்கும் மயிரனைய கம்பி இழுத்து இணைப்பர். இறக்கைக்கு மூன்றாக ஆறு யந்திரத் துப்பாக்கிகள் உள்ளே கிடக்கும். விமானத்தின் வயிற்றிற் பை போலத் தொங்குவது குளிர்விக்கும் அமைப்பு. முன்வாயிற் புகும் காற்று எஞ்சினின் வெப்பத்தைத் தான் வாங்கிக்கொண்டு விரிந்து பின்வாயில் விரைந்து வெளிப்படுதலின், அவ்வமைப்பினால் நேரும் தடையின் ஒரு பகுதி ஈடாகிறது.

இன்னும் ஒன்று. விமானியின் இருக்கைக்குப் பின்னே அமெரிக்க அளவில் 85 காலன் கொள்ளும் எரிபொருள் தொட்டி ஒன்று உண்டு. நெடுந்தொலைவு செல்ல வேண்டி அது பின்னர் இடம் பெற்றது. அது நிரம்பியிருக்கையில் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னோக்கி நகர்ந்து, விமானம் நிலைகொள்ளாது தடுமாறும். அதனால் விமானிகள் அத்தொட்டியிலுள்ளதையே பெரும்பாலும் முற்படச் செலவிட்டனர். இச்செய்தியை நூலிற் படிப்பார்க்கு அது ஒரு வரி. பளிங்குடலினூடே அத்தொட்டி இறக்கைக்குப் பின்னே, இருக்கையின் முதுகை ஒட்டி நிற்கக் காண்பார்க்கோ, ஏன் தடுமாறிற்று என்பதை ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை.

பளிங்கின் குணம்

இனி, இவ்வுருக்களை அமைப்பதிலுள்ள அருமையைக் காண்போம். சாதாரணத் தொகுதிகளுக்கான பாலிஸ்டைரீனில் சிறிது ரப்பர் கலப்பது வழக்கம். அதனால் அது வளைந்து கொடுக்கும், எளிதில் நொறுங்காது. ரப்பர் கலந்தாலோ தெளிவு கெடும். ஆதலின் பளிங்குறுப்புக்களைக் கலப்பற்ற பாலிஸ்டைரீனால் வார்ப்பர். அது கண்ணுக்கு இனியது, கைக்கு அஞ்சத்தக்கது. வெட்டுக் குறடு கொண்டு சட்டத்தினின்றும் நறுக்கினால், விரிசல் உறுப்பினுள்ளே ஓடிவிடும். நுண்ணிய பல்லுடைய சிறு வாளால், உறுப்பினின்றும் சற்றே விலகி அறுத்து, எஞ்சிய முளையை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்தலே தக்கது.

தேய்த்த இடம் வெண்மையாய் மங்கும். ஏனெனில், கீறல்களின் சரிவுகள் ஒளியைப் பல திசைகளிற் சிதறடிக்கின்றன. மிக நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாய்த் தேய்த்து, ஈற்றில் பற்பசை போன்ற மென்மையான மெருகுப் பொருளால் துலக்கினால் தெளிவு மீளும். அதன்மேல் உறுப்பைத் தெளிந்த அக்ரிலிக் மெருகு நீரில் தோய்த்தெடுத்து உலர்த்துவோரும் உளர். தேய்த்த கண்ணாடியின்மேல் நீர் தடவினால் அது தெளிவதை நாம் அறிவோம். அதே பௌதிக விதியே ஈண்டும் தொழில் செய்கிறது. பாலிஸ்டைரீனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.59, அக்ரிலிக்கினது ஏறத்தாழ 1.49. காற்றினது 1-ஐ ஒட்டியது. பள்ளங்களிற் காற்றுக்கு மாற்றாக அக்ரிலிக் நிரம்பவே, ஒளி சிதறுதல் பெரிதும் குறைகின்றது.

பசையின் தீங்கு இதனினும் பெரிது. பாலிஸ்டைரீனுக்குரிய பசை, அதனைக் கரைத்து இணைக்கும் இயல்பினது. ஒரு துளி மிகுந்தால் இணைப்பின் வழியே ஊர்ந்து சென்று தெளிந்த பரப்பில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். நொடியில் ஒட்டும் ஸயனோஅக்ரிலேட் பசையோ, தொடாத இடத்தையும் கெடுக்கும். அதன் ஆவி காற்றின் ஈரத்தோடு கூடி, பனி படர்ந்தாற்போல் வெண்படலமாய்ப் படியும். சிறு உறுப்புக்களுக்கு, தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை நன்று. அது உலர்ந்தபின் தெளிவாகும். வலிவு வேண்டுமிடத்து இரு பொருள் கலந்து இறுகும் எபாக்ஸி நன்று.

அமைக்கும் ஒழுங்கு

முதற்கண் உறுப்புக்களை இளஞ்சோப்பு நீரிற் கழுவித் துணியால் தேய்க்காமல் உலரவிடுதல் வேண்டும். தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகித் தூசியை ஈர்க்கும். பின்னர், பசையின்றியே எல்லாவற்றையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தல் வேண்டும். அதன்பின் உள்ளுறுப்புக்களுக்கு வண்ணமிடுதல். அமெரிக்க விமானங்களின் உட்புறத்திற் காணப்படும் மஞ்சள் கலந்த பச்சை அழகிற்காக இட்டதன்று. அலுமினியத்தை அரிப்பினின்றும் காக்கும் துத்தநாகக் குரோமேட் பூச்சின் நிறம் அது. இதனை அறிந்தவன் எங்கே பச்சை வேண்டும், எங்கே வேண்டா என்று தானே உணர்வான்.

சாதாரண உருவில் உறுப்பின் ஒரு பக்கத்திற்கு வண்ணமிட்டால் போதும். மறுபக்கம் சுவரை நோக்கியிருக்கும். ஈண்டோ மறுபக்கம் என்பதே இல்லை. அச்சினின்றும் உறுப்பைத் தள்ளிய ஊசிகளின் வட்டத் தழும்புகளும், பசை வழிந்த தடமும், வண்ணம் எட்டாத மூலையும் எல்லாம் தெரியும். இரு பாதிகளும் கூடும் கோட்டை மக்கு இட்டு மறைத்தலும் இயலாது. கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குவாரைக் குறித்து வேதாகமம் விடுக்கும் எச்சரிக்கை, இவ்வேலையில் ஈடுபட்டார்க்கு நன்கு விளங்கும்.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் யான் ஒருமுறை தவறினேன். பல வாரங்கள் முயன்று ஒரு விமானத்தின் எஞ்சினையும் கம்பிகளையும் முடித்து, நள்ளிரவில் ஆவல் மீதூர உடற்பாதிகளை மூடிவிட்டேன். காலையில் வெளிச்சத்திற் பார்க்கையில், விமானி அறைக்குச் சற்றுப் பின்னே, தகட்டின் உட்புறத்தில், என் கட்டைவிரலின் ரேகை சுழி சுழியாகத் தெளிவாய் இருந்தது. துடைக்க வழியில்லை, பிரித்தால் உடையும். அவ்விமானம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. காண வருவோர் எஞ்சினை நோக்குவதன் முன் அவ்விரலடையாளத்தையே நோக்குகின்றனர். மூடுவதன் முன் ஓர் இரவு பொறுத்திருந்து, பகலொளியில் உட்புறத்தை ஒருமுறை துடைத்திருப்பின் போதுமாயிருந்தது. ஆதலின், இவ்வேலையில் இறங்குவார்க்கு யான் கூறும் முதல் விதி இதுவே: இரவில் மூடற்க.

பளிங்கு மறைப்பது யாது?

இதுகாறும் பளிங்குடல் காட்டுவனவற்றைக் கூறினோம். அது மறைப்பதும் ஒன்று உண்டு; அதுவே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி.

விமான உடல்களை அமைக்கும் முறைகள் இரண்டென வகுக்கலாம். ஒன்று, உள்ளே வலிய சட்டம் அமைத்து, வெளியே துணி போர்த்துவது. பிரிட்டனின் ஹரிக்கேன் விமானத்தின் பின்னுடல் இவ்வகையது. எஃகுக் குழாய்ச் சட்டமும், அதன்மேல் மரச் சட்டங்களும், அவற்றின்மேல் துணியும் கொண்டது. மற்றொன்று, மேற்றகடே உடலின் சுமையைத் தாங்கும்படி அமைப்பது. அதே காலத்து ஸ்பிட்பயரின் உலோக உடல் இவ்வகையது, மஸ்டாங்கும் இவ்வகையதே. இவற்றில் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு, உள்ளிருக்கும் விலாச் சட்டங்களோடும் நெடுஞ்சட்டங்களோடும் தரையப்பட்டு, வளைவையும் முறுக்கையும் தானே பொறுத்துக்கொள்ளும்.

விலங்கு நூலால் இதனை விளக்குவோம். மனிதனுக்கு எலும்பு உள்ளே, தோல் வெளியே. ஆகவே டிரெஸ்டன் நகரத்து மனிதனின் தோலைப் பளிங்காக்கியபோது அவனைத் தாங்கும் எலும்புக்கூடு கண்முன் நின்றது. நண்டுக்கோ ஓடே எலும்பு. நண்டின் ஓட்டைப் பளிங்காக்கினால் அதன் குடல் தெரியும், செவுள் தெரியும். நண்டை நண்டாகத் தாங்கி நிற்பது மட்டும் கண்ணினின்றும் மறைந்துவிடும். மஸ்டாங்கும் நண்டின் சாதியே. அதன் தோலைப் பளிங்காக்கினோம். எஞ்சினைக் கண்டோம், துப்பாக்கியைக் கண்டோம், தொட்டியைக் கண்டோம். இவற்றையெல்லாம் தாங்கிய தகட்டைக் காணாதாக்கினோம். உள்ளுறுப்புக்கள் ஏதுமற்ற வெளியில் மிதப்பனபோல் தோன்றுகின்றன. அப்பெயரில் ‘ஆவி’ என்ற சொல் பொருத்தமாகவே அமைந்தது!

அளவிலும் ஒரு பொய் உண்டு. உருவின் தகடு ஒன்றரை மில்லிமீட்டர் கனமுடையதெனக் கொள்வோம். 32-ஆற் பெருக்கினால் 48 மில்லிமீட்டர் ஆகும். உண்மை விமானத்தின் தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. இரு புறமும் சேர, உள்ளிடம் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் குறுகிவிடுகிறது. ஆகவே உள்ளுறுப்புக்களைச் சற்றே சிறியனவாகச் செய்தாலன்றி அவை உடலினுட் புகா. போதாக்குறைக்கு, வளைந்த கனத்த பளிங்கு வில்லையைப்போல் தொழிற்பட்டு உள்ளிருப்பவற்றின் உருவத்தையும் சிறிது திரித்துக் காட்டும். இன்னும், சக்கரத்தை மடக்கவும் குண்டை விழச்செய்யவும் வைத்த விளையாட்டுப் பொறிகளும் அதே உடலினுள் இருக்கின்றன. அவை உண்மை விமானத்தின் உறுப்புக்கள் அல்ல. அறியாதவன் அவற்றையும் மெய்யென்றே கொள்வான்.

இக்குறைகளைத் தேர்ந்த வேலைக்காரர் உணர்ந்தே இருக்கின்றனர். சிலர் விமானத்தின் ஒரு பாதியை முழு வண்ணமும் அடையாளங்களும் இட்டு முடித்து, மறு பாதியை மட்டும் பளிங்காகவே விடுவர். சுற்றி வந்து நோக்குவான் தோலையும் காண்பான், தோலின் உள்ளும் காண்பான். சிலர் தகட்டின் உட்புறத்தில் விலாச் சட்டங்கள் நிற்கும் இடந்தோறும் மெல்லிய பச்சைக் கோடுகள் இட்டு, காணாமற்போன எலும்பைக் கண்ணுக்கு மீட்டுத் தருவர். எஞ்சினுக்கு இருபத்துநான்கு கம்பி இழுத்த கைத்திறனைக் காட்டிலும் இக்கோடுகளை இட்ட அறிவையே யான் பெரிதாக மதிப்பேன். முன்னது கண்டதைச் செய்தல். பின்னது காணாததை உணர்ந்து செய்தல்.

முடிவுரை

பளிங்குடல் விமானத்தை அமைத்தல் பொழுதுபோக்கெனின் பொழுதுபோக்கே. ஆயினும் அது பௌதிகமும் ரசாயனமும் யந்திர நூலும் ஒருங்கு பயிலும் ஒரு சிறு கலாசாலையாகும். பொறுமையும் உட்புறத் தூய்மையும் அங்குக் கட்டாயப் பாடங்கள். அவற்றில் தேறாதவனைப் பளிங்கே ஊரறியக் காட்டிவிடும். இவற்றினும் மேலான பாடம் ஒன்றும் அங்குண்டு. ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றும் பொருளின்முன் நிற்கும்போது, ‘இவ்வளவும் தெரிவதற்காக எது நீக்கப்பட்டது?’ என்று கேட்கப் பழகுதலே அது. விமானத்திற்கு மட்டுமன்று, பாட நூலிற் காணும் படத்திற்கும், ஆராய்ச்சிசாலையின் மாதிரிக்கும், யாவற்றையும் எளிதாக விளக்கிவிடும் சொற்பொழிவிற்கும் இக்கேள்வி பொருந்தும். அடுத்த முறை அத்தகைய உரு ஒன்றைக் காண நேருமாயின், நண்பர்களே, முதலில் எஞ்சினை நோக்குக. பின்னர் அதனைச் சூழ்ந்து நிற்கும் தெளிந்த தகட்டையும் நோக்குக.